தகிட தகிட தக: கடினமான ஒரு புது பாஞ்சோ மெட்டைக் கைக்குக் கொண்டுவந்த விதம்

அந்த மெட்டை என் ஆசிரியர் முதன்முதலில் வாசித்துக் காட்டியது அவர் வீட்டுத் திண்ணையில். வட கரோலினாவின் ஆஷ்வில்லுக்கு வெளியே, மலைச்சரிவில் இருக்கிறது வீடு. தபால்காரராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெட்டு அவரே கட்டியது, அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. மூன்று சுற்று வாசித்தார், மொத்தம் இரண்டரை நிமிடம். வாசித்து முடித்துவிட்டு, "இது உனக்கு இப்போது வராது, ஆனால் வரும்" என்றார். எனக்கு வர 11 மாதம் ஆனது.

அதில் பாதி மாதங்கள் தவறான வழியில் போனவை. இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்காகத்தான். பாஞ்சோவில் மூன்று நான்கு ரோல்கள் (வலது கை விரல்கள் மாறி மாறி மீட்டும் வரிசைகள்) தெரிந்து, பழைய மெட்டுகள் சிலவற்றை நிறுத்தாமல் வாசிக்க முடிந்து, இந்தக் காலத்துக்காரர்கள் கட்டும் மெட்டு ஒன்றின் முன்னால் திகைத்து நிற்பவருக்கு இது உதவும்.

நான் சொல்லும் பாஞ்சோ, நம் ஊரில் பாஞ்சோ என்று சொல்லப்படும் புல்புல் தரங் அல்ல. அது தட்டச்சுப் பொறி போலக் கட்டைகள் வைத்தது. இது ஐந்து தந்தி, தோல் போர்த்திய வட்ட உடல், நீண்ட கழுத்து. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் தங்கள் நினைவிலிருந்து செய்த சுரைக்குடுக்கை வாத்தியங்கள்தான் இதன் மூலம். வலது கையின் சுட்டுவிரலிலும் நடுவிரலிலும் தந்தியை மீட்ட உலோக பிக், கட்டைவிரலில் பிளாஸ்டிக் பிக். என் அப்பா தவில்காரர். கச்சேரிக்கு முன் அவர் விரல்களில் கூடு மாட்டிக்கொள்வதைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால் பிக் மாட்டிய முதல் நாள் எனக்கு அது புது உணர்வாக இல்லை.

மெட்டின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். முதல் பகுதி 8 ஆவர்த்தனம், இருமுறை. இரண்டாம் பகுதியும் 8, இருமுறை. மூன்றாம் பகுதி ஒரே முறை, 10. ஓர் ஆவர்த்தனத்துக்கு எட்டு ஸ்வரம். மூன்றாம் பகுதியின் கடைசி இரண்டில் மட்டும் ஏழு ஏழு. இறுதி வேகம், தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமில் நிமிடத்துக்கு 104 தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம். அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஏழு ஸ்வரம்.

வேகம்தான் கஷ்டம் என்று நினைத்தேன். அது சரியல்ல. நொடிக்கு ஏழு ஸ்வரம் என்பது பாஞ்சோ முன்னணியில் நிற்கும் அமெரிக்க நாட்டுப்புற இசையான ப்ளூகிராஸின் பழைய மெட்டுகளிலும் சாதாரணம். இந்த மெட்டின் கஷ்டம், ஒவ்வொரு பகுதியும் வேறொரு கைமுறையில் எழுதப்பட்டிருப்பது. முதல் பகுதி பாஞ்சோ கலைஞர் எர்ல் ஸ்க்ரக்ஸ் முறை: மூன்று விரலும் தொடர்ந்து உருள, மெட்டு அதற்குள்ளிருந்து எழும்பும். அவர் 1924-ல் இதே வட கரோலினாவில், ஃப்ளின்ட் ஹில்லில் பிறந்தவர். 1945-ல், ப்ளூகிராஸின் தந்தை எனப்படும் பில் மன்றோவின் குழுவில் சேர்ந்த பிறகு அந்த ஒலி நாடெங்கும் பரவியது. இரண்டாம் பகுதி மெலடிக் முறை: அடுத்தடுத்த ஸ்வரங்களை அடுத்தடுத்த தந்திகளில் வைத்து, ஒன்று அடங்குவதற்குள் அடுத்தது ஒலிக்கும்படி வாசிப்பது. பாஞ்சோ கலைஞர்கள் பாபி தாம்சனும் பில் கீத்தும் தனித்தனியே கண்டெடுத்த வழி இது. கீத் 1963-ல் மன்றோவின் குழுவுக்கு வந்தபோது பலர் முதல்முறையாகக் கேட்டார்கள். மூன்றாம் பகுதி ஒற்றைத் தந்தி முறை: இன்னொரு பாஞ்சோ கலைஞரான டான் ரீனோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படுவது, கட்டைவிரலும் சுட்டுவிரலும் மாறி மாறி ஒரே தந்தியில் நடப்பது. இந்தக் காலத்து பாஞ்சோ கலைஞர் பேலா ஃப்ளெக்குக்குப் பிறகு வந்தவர்கள் மூன்றையும் ஒரே மெட்டில் கலப்பதைச் சகஜமாக்கிவிட்டார்கள்.

ஆகவே கஷ்டம் பகுதிகளில் இல்லை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் மூட்டுகளில் இருக்கிறது. இதை நான் கண்டுகொள்ள நாலரை மாதம் ஆனது.

வாத்தியத்தை முதலில் சரி பார்த்துவிடுங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளில் (ஃப்ரெட்) பன்னிரண்டாம் ஃப்ரெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு வரும் மணியொலியும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் ஸ்வரமும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் தோலின் மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் நகர்ந்திருக்கிறது. பாஞ்சோவில் பிரிட்ஜ் ஒட்டப்பட்டது அல்ல, தந்தியின் அழுத்தத்தில் மட்டும் நிற்பது; பையில் வைத்து எடுக்கும்போதே நகரும். பழைய மெட்டுகள் ஐந்தாம் ஃப்ரெட்டுக்குள் முடிந்துவிடுவதால் தெரியாது. இதில் பத்தாம் ஃப்ரெட்டுக்குப் போகிறோம், காதில் உடனே உறுத்தும்.

சுருதி வழக்கமான ஓபன் ஜி. நான்காம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை டி, ஜி, பி, டி. குட்டையான ஐந்தாம் தந்தி மேல் ஜி. மெட்டு நிற்பது டி-யில். டி-யை ஷட்ஜமாக வைத்துப் பாருங்கள்: நான்காம் தந்தி கீழ் ச, மூன்றாவது ம, இரண்டாவது த, முதலாவது மேல் ச, ஐந்தாவது அதற்கும் மேலே ம. முதல் இரண்டு பகுதிகளின் ஸ்வரங்கள் அப்படியே கரகரப்பிரியா. திறந்த தந்திகள் ஐந்தும் அந்த ராகத்துக்குள் அடங்கிவிடுகின்றன. டி-யில் வாசிக்கும்போது ஐந்தாம் தந்தியை ஏழாம் ஃப்ரெட்டில் கொக்கி போட்டு ஏ-க்கு, அதாவது பஞ்சமத்துக்கு, உயர்த்தும் வழக்கம் பலருக்கு உண்டு. இங்கே அதைச் செய்யாதீர்கள். இரண்டாம் பகுதி முழுவதும் அந்தத் திறந்த மத்யமத்தை நம்பித்தான் நிற்கிறது. நான் பழக்கத்தில் உயர்த்திவிட்டு, மெட்டே தவறாக எழுதப்பட்டிருக்கிறது என்று இரண்டு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து, ஒரு வாரம் பாஞ்சோவைத் தொடவே வேண்டாம். "வாயில வராதது விரல்ல வராது பாப்பா" என்று அப்பா தன் மாணவர்களுக்கும் சொல்வார், எனக்கும் சொல்வார். ஆசிரியர் வாசித்ததை என் கைபேசியில் பதிவு செய்திருந்தேன். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக் கேட்கும் வசதி இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறது, சுருதி மாறாது. இரவுப் பணி முடிந்து ஆய்வகத்திலிருந்து காரில் வரும் 25 நிமிடமும் அதைக் கேட்டுச் சொற்கட்டாகச் சொல்லிப் பழகினேன். பாஞ்சோவின் முன்னோக்கு ரோல் எட்டு ஸ்வரம். அதன் உள்கணக்கு மூன்று, மூன்று, இரண்டு.

தகிட தகிட தக

கட்டை, சுட்டு, நடு; கட்டை, சுட்டு, நடு; கட்டை, நடு. ஒவ்வொரு "த"விலும் கட்டைவிரல் விழும். மெட்டின் முக்கிய ஸ்வரங்கள் அந்தத் "த"க்களில்தான் இருக்கும். இது வாயில் ஏறிவிட்டால் முதல் பகுதியில் பெரிதாகச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. நான்காம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து மூன்றுக்கு ஒரு ஹாமர்-ஆன் (வலது கையால் மீட்டாமல் இடது விரலைத் தந்தியில் தட்டி எழுப்புவது), ரிஷபத்திலிருந்து காந்தாரத்துக்கு. அதை அவசரப்படுத்தாமல், "த"வுக்கும் "கி"க்கும் நடுவே சரியாக விழ வையுங்கள். கட்டைவிரல் மற்ற இரண்டைவிடச் சற்றே கனமாக. அவ்வளவுதான். என் முதல் பகுதி மூன்று வாரத்தில் வந்தது, உங்களுக்கும் வரும்.

இரண்டாம் பகுதியில் நிதானிக்க வேண்டும். அதன் உயிரான வரி இது: ச ரி க ம ப த ப ம, மேல் ஸ்தாயியில். காகிதத்தில் பார்த்தால் குழந்தைப் பாடம் போல இருக்கும். தந்தியில் அது இப்படி விழுகிறது: ச முதல் தந்தி திறந்தபடி; ரி இரண்டாம் தந்தி ஐந்தாம் ஃப்ரெட்; க முதல் தந்தி மூன்றாம் ஃப்ரெட்; ம ஐந்தாம் தந்தி திறந்தபடி; ப இரண்டாம் தந்தி பத்தாம் ஃப்ரெட்; த முதல் தந்தி ஒன்பதாம் ஃப்ரெட்; மறுபடி ப, மறுபடி திறந்த ம. வலது கை: நடு, சுட்டு, நடு, கட்டை, சுட்டு, நடு, சுட்டு, கட்டை.

பாருங்கள், ஸ்வரம் மேலே போகும்போது கை கீழ்த் தந்திக்கும் மேல் தந்திக்கும் தாவுகிறது, ரி-க்குப் பிறகு க-வுக்கு ஃப்ரெட் பின்னோக்கி வருகிறது. கண் சொல்வதும் காது சொல்வதும் எதிரெதிராக இருக்கும். அதனால்தான் வாயால் பாடிவிட்டு வரச் சொன்னேன். கண்ணை நம்பினால் கை தடுமாறும்.

இடது கையில், ஐந்தாம் ஃப்ரெட்டுக்கு மோதிரவிரல், மூன்றாவதற்குச் சுட்டுவிரல். இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துவிடுங்கள், ரி-யை வைத்த பிறகு க-வைத் தேடாதீர்கள். இரண்டையும் எடுக்காமல் வைத்திருந்தால் ரி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே க சேரும். அந்தக் கலப்புதான் மெலடிக் முறையின் அழகு, யாழ் போல. விரலைச் சீக்கிரம் எடுத்தால் ஒவ்வொரு ஸ்வரமும் உதிர்ந்த மணி போலத் தனித்தனியாகக் கேட்கும்.

இனி முக்கியமான இடம். மூன்றாம் ஃப்ரெட்டிலிருந்து ஒன்பதாம் ஃப்ரெட்டுக்குக் கை போக வேண்டும். எப்போது போவது? திறந்த ம ஒலிக்கும்போது. அந்த ஒரு ஸ்வரத்துக்கு இடது கை தேவையே இல்லை. முழு வேகத்தில் உங்களுக்குக் கிடைப்பது ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு, அது போதும். போகும்போது விரல்கள் போய்ச் சேரும் வடிவத்திலேயே பறக்க வேண்டும்: சுட்டுவிரல் முதல் தந்திக்கு, நடுவிரல் இரண்டாவதற்கு. ஒலியே இல்லாமல், வலது கையைத் தொடையில் வைத்துக்கொண்டு, இடது கையை மட்டும் மூன்றுக்கும் ஒன்பதுக்கும் இடையே நூறு முறை நகர்த்துங்கள். கண்ணைத் திறந்து ஐம்பது, மூடி ஐம்பது. இதை நான் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே செய்யவில்லை, நீங்களும் செய்ய வேண்டாம். கை எங்கே இறங்குகிறது என்பதில் கவனம் இருந்தால்தான் நூறு முறைக்கு மதிப்பு.

மூன்றாம் பகுதிக்கு வந்ததும் ஆசிரியர் ஒரு காரியம் செய்திருக்கிறார். தைவதத்தை ஒரு படி இறக்கிவிட்டார். பி போய் பி ஃப்ளாட் வருகிறது, கரகரப்பிரியா நடபைரவியாகிறது. கேட்கும்போது வெயில் மறைந்து மலை மேல் மேகம் நிழல் போடுவது போல இருக்கும். வாசிப்பவருக்கோ, இதுவரை துணையாக இருந்த இரண்டாம் தந்தி இப்போது பகை. அது திறந்து ஒலித்தால் பழைய தைவதம், புது தைவதத்தோடு மோதும். மெலடிக் முறை திறந்த தந்தியை நம்பியது, ஆகவே இங்கே அது உதவாது. ஒற்றைத் தந்தி முறைக்குப் போயே ஆக வேண்டும். அவர் அலங்காரத்துக்காக முறையை மாற்றவில்லை. ராகம் மாறியதால் கைமுறை மாறியது. இது புரிந்த அன்று எனக்கு அந்த மெட்டின் மேல் மரியாதை இரண்டு மடங்கானது.

இறங்கும் வரி: ச நி த ப ம க ரி ச. இரண்டாம் தந்தியில் 3, 1. மூன்றாம் தந்தியில் 3, 2, திறந்தது. நான்காம் தந்தியில் 3, 2, திறந்தது. கட்டை, சுட்டு, கட்டை, சுட்டு என்று கண்மூடித்தனமாக மாற்றிக்கொண்டு போனால் நான்காம் தந்தியின் முதல் ஸ்வரம் சுட்டுவிரலுக்கு வரும். மூன்றாவதில் இருக்கும் கட்டைவிரலைத் தாண்டிச் சுட்டுவிரல் மேலே ஏற வேண்டும். மெதுவாக முடியும், வேகத்தில் விரல்கள் முட்டிக்கொள்ளும். மூன்றாம் தந்தியின் இரண்டாம் ஃப்ரெட்டிலிருந்து திறந்த தந்திக்கு வலது கையால் மீட்டாமல் புல்-ஆஃப் செய்யுங்கள். இடது விரல் தந்தியைச் சற்றே கீழே இழுத்து விட்டால் ஸ்வரம் தானே எழும். வலது கைக்கு ஒரு ஸ்வரம் மிச்சம், கட்டைவிரல் நான்காம் தந்திக்கு முன்கூட்டியே போய்க் காத்திருக்கும். பிறகு கட்டை, சுட்டு, கட்டை.

இரண்டாம் தந்தியை அடக்குவதற்கு ஒரு வழி: நி வாசித்த சுட்டுவிரலை முழுதாக எடுத்துவிடாமல், அழுத்தத்தை மட்டும் தளர்த்தித் தந்தியின் மேல் படுக்க வையுங்கள். தந்தி வாயடைத்துவிடும்.

பின் அந்த இரண்டு ஏழுகள். ஆசிரியர் இதை "ஒன்று இரண்டு மூன்று, ஒன்று இரண்டு மூன்று நான்கு" என்று எண்ணுவார். நமக்கு அது மிஸ்ரம்.

தகிட தகதிமி, தகிட தகதிமி

வலது கை: கட்டை, சுட்டு, நடு, கட்டை, சுட்டு, கட்டை, நடு. இரண்டு முறை. நான் இதைச் சொற்கட்டாகச் சொல்லிக் காட்டியபோது அவர் பாஞ்சோவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு முறை சொல், இன்னொரு முறை சொல் என்று கேட்டுக் கற்றுக்கொண்டார். இப்போது மற்ற மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருகிறார். அப்பா இருந்திருந்தால் தொலைபேசியில் சொல்லியிருப்பேன்.

மெட்ரோனோம் இங்கே உங்களைக் குழப்பும், காரணம் தெரிந்தால் பயமில்லை. ஏழும் ஏழும் 14. ஒரு தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்று வைத்திருந்தால் 14 நான்கால் வகுபடாது. முதல் பகுதிக்குத் திரும்பும்போது தட்டு அரைத் தட்டு தள்ளி விழும். நீங்கள் தவறவில்லை, கருவி அப்படித்தான் விழ வேண்டும். ஆனால் பழகும்போது அது தொல்லை. மூன்றாம் பகுதிக்கு மட்டும் மெட்ரோனோமை இரட்டிப்பாக்கி, இரண்டு ஸ்வரத்துக்கு ஒரு தட்டு என்று வையுங்கள். முதல் ஏழு தட்டின் மேல் தொடங்கும், இரண்டாவது ஏழு தட்டுகளுக்கு நடுவே தொடங்கும், முடிந்து முதல் பகுதிக்கு வரும்போது மறுபடி தட்டின் மேல் இருப்பீர்கள்.

இப்போது மூட்டுகள். நாலரை மாதம் நான் தினமும் மெட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். தவறினால் மறுபடி ஆரம்பத்துக்குப் போனேன். விளைவு, முதல் பகுதி பளபளவென்று இருந்தது, மூன்றாம் பகுதி நொண்டியது, பகுதி மாறும் ஒவ்வொரு இடத்திலும் கை நின்றது. ஒருநாள் ஆசிரியர், "எங்கே நிற்கிறாயோ அங்கே எந்த விரல் எந்த விரலுக்குப் பின்னால் வருகிறது என்று எழுதிக்கொண்டு வா" என்றார். எழுதினேன். முதல் பகுதியின் கடைசி ரோல் கட்டை, நடு என்று முடிகிறது. இரண்டாம் பகுதியின் முதல் ஸ்வரம் நடு, அதுவும் அதே முதல் தந்தியில். ஒரே விரல் இருமுறை. நொடிக்கு ஏழு ஸ்வரத்தில் ஒரு விரலால் அது முடியாத காரியம். நான் இரண்டாம் பகுதியில் குறை தேடிக்கொண்டிருந்தேன். குறை அதற்கு ஒரு ஸ்வரம் முன்னால் இருந்தது. கடைசி "தக"வை மட்டும் கட்டை, சுட்டு என்று மாற்றி, "க"வை இரண்டாம் தந்தியில் எடுத்தேன். நடுவிரலுக்கு ஓய்வு கிடைத்தது. அன்று மாலையே அந்த இடம் ஓடிவிட்டது.

இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கும் இதே கதை. இரண்டாம் பகுதி ஐந்தாம் தந்தியில் கட்டைவிரலோடு முடிகிறது, இறங்கும் வரியும் கட்டைவிரலோடு தொடங்குகிறது. முதல் முறை மட்டும் ச-வைச் சுட்டுவிரலால் மீட்டி, நி-யைப் புல்-ஆஃப் செய்துவிட்டால் அடுத்த த-வுக்குக் கட்டைவிரல் தயாராகிவிடும். மற்றதெல்லாம் முன்போலவே.

உங்கள் மெட்டு வேறாக இருக்கும், ஆனால் இதைச் செய்யலாம்: ஒவ்வொரு மூட்டிலும் முன்னால் நான்கு ஸ்வரம், பின்னால் நான்கு ஸ்வரம் எடுத்து, அந்த எட்டையும் ஒரு சின்ன மெட்டாக நினைத்துச் சுழற்றுங்கள். 50-ல் தொடங்குங்கள். தினமும் கடைசி மூட்டில் தொடங்கி முதல் மூட்டுக்கு வாருங்கள், மூன்றாம் பகுதி புது மனதோடு கிடைக்கும். வேகத்தை இரண்டிரண்டாக ஏற்றும் முறை எனக்கு 80 வரைதான் உதவியது. அதற்கு மேல் வேறு வழி: ஒரே ஓர் ஆவர்த்தனத்தை 104-ல் வாசித்து நிறுத்துவேன். கையைத் தளர்த்தி, மூச்சு விட்டு, மறுபடி ஒன்று. அது சுத்தமானால் இரண்டு. மெதுவாக வாசிக்கும் கையசைவும் வேகமாக வாசிக்கும் கையசைவும் ஒன்றல்ல. வேகத்தின் அசைவு சிறியது. அதைத் துணுக்குத் துணுக்காகக் கற்றுக்கொள்ள வேண்டும். மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பின்பலகை வைத்த பாஞ்சோ ஏறக்குறைய 5 கிலோ இருக்கும், உட்கார்ந்து வாசித்தாலும் தோள்பட்டையில் வார் போட்டுக்கொள்ளுங்கள், இடது கை கழுத்தைத் தாங்கும் வேலையைச் செய்யக் கூடாது.

வாரம் ஒருமுறை பதிவு செய்து கேளுங்கள். வாசிக்கும்போது காதுக்குத் தெரியாதது பதிவில் தெரியும். என் புல்-ஆஃப் ஸ்வரங்கள் மற்றவற்றைவிடப் பாதி சத்தம்தான் இருந்தன என்பதை அப்படித்தான் கண்டேன்.

பிறரோடு வாசிப்பதற்கு முன், பேஸ் என்ற கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம் வாசிப்பவரிடம் அந்த இரண்டு ஏழுகளை மட்டும் தனியாக உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். அவர் 3, 2, 2 என்று மூன்று அடியாக வாசித்தால் உங்களுக்குத் தரை கிடைக்கும்: தகிட, தக, திமி. அவர் எட்டென்று நினைத்து ஒரு ஸ்வரம் காத்திருந்தால் குழுவே சரியும். ஒருமுறை எங்களுக்கு அப்படிச் சரிந்தது.

அக்டோபரில், இலைகள் சிவந்திருந்த ஒரு ஞாயிறு, அதே திண்ணையில் மூன்று சுற்றையும் நிறுத்தாமல் வாசித்தேன். 104 இல்லை, 98. ஆசிரியர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "மூன்றாம் பகுதியில் இரண்டாம் தந்தி இன்னும் லேசாக ஒலிக்கிறது" என்றார். வீட்டுக்கு வந்து மெட்ரோனோமை 50-ல் வைத்து, நி-யிலிருந்து த-வுக்கு, சுட்டுவிரலைத் தளர்த்தும் அந்த ஓர் இடத்தை எடுத்தேன்.